எல்லாரும் பேசிட்டாங்க

தேர்தல் அறிக்கைக் குழு செங்கல்பட்டுக்கு வரப்போகிறது என்ற செய்தி வந்ததிலிருந்து மாவட்டக் கட்சி அலுவலகத்தில் சால்வைகள் குவிய ஆரம்பித்தன. வணிகர் சங்கம் வந்தது. தனியார் பள்ளிக்கூடம் நடத்துகிறவர்கள் வந்தார்கள். அரிசி ஆலைக்காரர்கள், லாரி உரிமையாளர்கள், அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள் என்று ஆளாளுக்கு மாவட்டச் செயலாளர் ஜெகதீசனைப் பார்த்துக் கும்பிடு போட்டு, "நமக்கும் ஒரு அஞ்சு நிமிஷம் பேச வாய்ப்பு குடுங்கண்ணே" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். குழு ஊரில் இருக்கப்போவதோ ஒரே ஒரு முற்பகல்.

யாரை அழைப்பது, யாரை விடுவது என்று பார்த்து வைக்கும் வேலை ஜாய்ஸிடம் வந்தது. ஜெகதீசன் அவளை நம்பிக் கொடுத்த முதல் பெரிய வேலை அது.

ஜாய்ஸ் திருக்கழுக்குன்றத்துப் பக்கம் ஒரு காலனியில் பிறந்தவள். அவளுடைய தாத்தா காலம் வரைக்கும் அடுத்தவன் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். அப்பா அணுபுரம் குடியிருப்பில் தோட்டவேலைக்குச் சேர்ந்து அவளை பி.காம். வரை படிக்க வைத்தார். அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டதால் வளர்த்தது அப்பாவின் தங்கை, பாப்பா அத்தை. படிப்பு முடிந்து பொத்தேரியில் ஒரு டி.டி.பி. கடையில் வேலை பார்த்தபோது, கட்சி நோட்டீஸ் அடிக்க வந்தவர்கள் மூலமாகத்தான் கட்சி பழக்கமானது. இப்போது மாவட்டத் தொழில்நுட்ப அணியில் துணை அமைப்பாளர். கல்யாணமாகிச் செங்கல்பட்டிலேயே வாடகை வீடு. அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் ஒன்றியக் கவுன்சிலர் சீட்டு கிடைக்கும் என்று ஒரு நம்பிக்கை. அதை அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஜெகதீசன் கெட்டவர் இல்லை. கொடி கட்டி, சுவர் எழுதி, போலீஸ் அடி வாங்கி மேலே வந்தவர். யாருடைய பேச்சைக் கேட்பது என்பதற்கு அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. அதை அவர் ஒளித்து வைக்கவும் இல்லை.

"இதோ பாரும்மா. கோவிச்சுக்கினா நமக்கு யாரால சேதாரமோ, அவங்களை மொதல்ல கூப்புடு. இவங்களுக்குப் போடலாமா அவங்களுக்குப் போடலாமான்னு யோசிச்சிக்கினு கீறவங்களை அப்பால கூப்புடு. போட்டோவுக்கு ரெண்டு பொம்பளைங்க, ரெண்டு காலேஜ் பசங்க. அதுக்கு மேல இடம் இருந்தா மத்தவங்க."

அப்படியே பார்த்து முடித்தபோது ஒரே ஒரு இடம் மிச்சம் இருந்தது. அதற்கு இரண்டு தரப்பு நின்றது.

ஒன்று, மாமல்லபுரம் கடற்கரையோரம் ரிசார்ட் வைத்திருப்பவர்களின் சங்கம். அதன் தலைவர் பன்னீர்செல்வம் போன தேர்தலில் எதிர்க்கட்சி வேட்பாளரோடு காரில் சுற்றியவர். இப்போது கொஞ்சம் மனம் மாறியிருப்பதாகப் பேச்சு.

இன்னொன்று, பாப்பா அத்தையும் அவளோடு வேலைக்குப் போகும் பெண்களும். சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனிக் கட்டடங்களைக் கூட்டித் துடைக்கிற வேலை அவர்களுக்கு. ஆறு மணிக்கெல்லாம் உள்ளே இருக்க வேண்டும். ஊரிலிருந்து முதல் பஸ் கிளம்புவதே அதற்கு அப்புறம்தான். அதனால் தண்ணீர் கேன் ஏற்றும் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியில், பின்னால் நின்றுகொண்டு, குறுக்கே கட்டிய கயிற்றைப் பிடித்தபடி போவார்கள். மழை வந்தால் தார்ப்பாயைத் தலைக்கு மேல் பிடித்துக்கொள்வார்கள். திருப்போரூர் தாண்டி ஒருமுறை வண்டி பிரேக் போட்டதில் ஆராயி என்ற பெண்ணுக்கு முன்பல் இரண்டு போனது. அவர்கள் கேட்டது ஒரே ஒரு விஷயம்: விடிகாலை நாலரை மணிக்கு ஒரு பஸ். சங்கமாகப் பதிவு செய்ததில்லை, லெட்டர்பேட் கிடையாது. பாப்பா அத்தை ஒருநாள் ஜாய்ஸின் வீட்டுக்கு வந்து, "நம்ம கட்சியிலயிருந்து பெரிய மன்சங்க வந்து கேக்குறாங்களாமே. நாங்க வந்து சொல்லலாமாடீ?" என்று கேட்டிருந்தாள்.

"உங்க அத்தை ஆளுங்கதானே?" என்றார் ஜெகதீசன், டீ கிளாஸை மேஜையில் வைத்தபடி. "அவங்களுக்குக் குடுக்கலாமா, பன்னீர்செல்வத்துக்குக் குடுக்கலாமா? நீயே சொல்லு."

அறையில் இன்னும் இரண்டு ஒன்றியச் செயலாளர்கள் இருந்தார்கள். இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். அத்தைக்கு என்று சொன்னால், சொந்தக்காரங்களை நுழைக்கிறாள் என்பார்கள். காலனிப் பொண்ணு காலனிக்குத்தான் பேசும் என்றும் சொல்வார்கள். அந்தப் பார்வையில் அதெல்லாம் இருந்ததா, இல்லை அவளாக நினைத்துக்கொண்டாளா என்று பின்னாளில் எவ்வளவோ யோசித்தும் அவளுக்குத் தெரியவில்லை.

"பன்னீர்செல்வத்துக்கே குடுத்துடலாம்ணே" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "அத்தை ஆளுங்க ஓட்டு எப்படியும் நமக்குத்தான். அவங்க எங்க போயிடப் போறாங்க?"

ஜெகதீசன் வாய்விட்டுச் சிரித்தார். "பாத்தீங்களா? அரசியல் கத்துக்கிச்சு பொண்ணு."

மற்ற இருவரும் சிரித்தார்கள். ஜாய்ஸுக்கு உடம்பெல்லாம் ஒரு பூரிப்பு. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தச் சிரிப்பு காதில் இருந்தது.

அத்தையிடம் வர வேண்டாம் என்று சொல்ல அவளால் முடியவில்லை. போனில், "வாங்க அத்தை, பாத்துக்கலாம்" என்றாள். வந்தால் எப்படியாவது நடுவில் நுழைத்துவிடலாம் என்று ஒரு மூலையில் நினைத்தாளோ என்னவோ.

கூட்டம் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு கல்யாண மண்டபத்தில். மாடியில் மேடை, கீழே சாப்பாட்டுக்கூடம். பாப்பா அத்தையும் பத்துப் பன்னிரண்டு பெண்களும் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, முதல் ஆளாக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். யார் பேசுவது என்று முன்னமே முடிவு செய்திருந்தார்கள். காசியம்மாள் பேசுவாள், அவளுக்குத்தான் தொண்டை நடுங்காது. வண்டியிலேயே இரண்டு நாளாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தார்கள்.

மேடையில் குழுவின் தலைவர் சுப்புராமன். ஓய்வு பெற்ற அதிகாரி. மெதுவாகப் பேசுவார், எல்லாவற்றையும் குறித்துக்கொள்வார். ஒவ்வொரு சங்கமாகப் பேர் சொல்லி மைக்கில் அழைப்பது ஜாய்ஸின் வேலை. வணிகர்கள் வரியைப் பற்றிப் பேசினார்கள். கம்ப்யூட்டர் கம்பெனி ஊழியர் மன்றத்தைச் சேர்ந்த ஒருவர் மெட்ரோ ரயில் வேண்டும் என்றார். பன்னீர்செல்வம் கடற்கரைச் சாலைக்கு அலங்கார விளக்கு கேட்டார். அவர் மட்டும் மூன்று ஆள் நேரம் பேசினார். ஒவ்வொரு பேர் அழைக்கப்படும்போதும் கடைசி வரிசை நிமிர்ந்து உட்காருவதை ஜாய்ஸ் பார்த்தாள். பார்க்காத மாதிரி இருந்தாள். ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் பின்னால் போய், "அத்தை, கூட்டம் வர்றதுக்குள்ள கீழ போய் சாப்ட்டு வந்துடுங்களேன்" என்றாள். பாப்பா அத்தை, "பேசிட்டு அப்பால துன்னலாமேடீ" என்றாள். "இல்ல அத்தை, இப்பவே போங்க. நான் கூப்புடுறேன்." பெண்கள் எழுந்து வரிசையாகப் படியிறங்கிப் போனார்கள்.

கடைசி ஆள் பேசி முடித்தார். சுப்புராமன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, அவள் பக்கம் திரும்பினார்.

"இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கும்மா. வேற யாராவது பேசணும்னு வந்திருக்காங்களா? யாரையும் விட்டுடக் கூடாது."

மைக் அவள் கையில் இருந்தது. ஜெகதீசன் முதல் வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கினார். கீழே ஆள் அனுப்பினால் அத்தை கையைக்கூடக் கழுவாமல் ஓடி வருவாள். ஓடி வந்தால், இவ்வளவு நேரம் இவர்களை யார் கீழே அனுப்பி வைத்தது என்ற கேள்வி வரும். எந்த ஆள் வேண்டாம் என்று அவளே சொன்னாளோ அந்த ஆளை அவளே வரவழைத்திருப்பது ஜெகதீசனுக்குத் தெரிந்துவிடும்.

"இல்லைங்க சார்" என்றாள் ஜாய்ஸ் மைக்கில். "எல்லாரும் பேசிட்டாங்க."

கைதட்டினார்கள்.

அவள் கீழே போனபோது பெண்கள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். "நேரம் ஆயிடுச்சு அத்தை. சார் கிளம்பிட்டாரு. உங்க விஷயத்தை நான் அவர்கிட்ட கண்டிப்பா சொல்லிடுறேன்" என்றாள். யாராவது சண்டை போடுவார்கள் என்று எதிர்பார்த்தாள். யாரும் போடவில்லை. ஆராயி வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு வெளியே போனாள். பாப்பா அத்தை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஜாய்ஸின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரிடீ. சாப்பாடு நல்லாருந்துச்சு. நீ துன்னியா?" என்றாள்.

நம்பிக்கை வைத்துப் போகிறார்கள் என்று நினைத்தாள் ஜாய்ஸ். அந்த நினைப்பில் அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் குழுவினருக்குப் பன்னீர்செல்வத்தின் ரிசார்ட்டில் டீ. கடலைப் பார்த்த புல்வெளியில் நாற்காலி போட்டிருந்தார்கள். சுப்புராமன் தனியாக நின்று அலையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் ஜாய்ஸ் அவர் பக்கத்தில் போனாள்.

"சார், ஒரு தரப்பு விட்டுப்போச்சு. சிறுசேரிக்கு வேலைக்குப் போற பெண்கள். விடிகாலையில பஸ் இல்லாம லோடு வண்டியில போறாங்க."

அவர் ஆச்சரியமாகத் திரும்பினார். "நான் கேட்டேனேம்மா? நீங்கதான் எல்லாரும் பேசிட்டாங்கன்னீங்க."

"ஆமா சார்."

"எங்களுக்கு இந்த ஊர்ல யாரைத் தெரியும்? மாவட்டம் யாரைக் கொண்டுவந்து நிறுத்துதோ, அவங்கதான் எங்களுக்கு இந்த மாவட்டம்." அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுவே அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. "சரி, ஒரு மெயில் போடுங்க. அவங்க நேர்ல சொல்லியிருந்தா அது வேற. இருந்தாலும் போடுங்க."

மெயில் போட்டாள். பதில் வரவில்லை. அதற்கப்புறம் அத்தை வீட்டுக்குப் போவதையே குறைத்துக்கொண்டாள். அத்தை போன் செய்தால் கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னாள். விடிகாலையில் விழிப்பு வந்துவிடும்; இந்நேரம் குட்டியானையில் ஏறியிருப்பார்கள் என்று தோன்றும். அதற்கு மேல் தூக்கம் வராது. கணவன், "இன்னாடீ, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பாள்.

இரண்டு வாரம் கழித்து அவள் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. எதிர்க்கட்சிக்காரர்கள் திருப்போரூரில் கூட்டம் போட்டிருந்தார்கள். மேடையில் காசியம்மாள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "நாங்க போற வண்டியில தண்ணி கேனுக்குக் கூட கம்பி கீது, எங்களுக்குக் கயிறுதான் கீது" என்றாள். கூட்டம் அப்படியே அமைதியானது. அவளுக்குப் பின்னால் ஆராயி, அவளுக்குப் பக்கத்தில் பாப்பா அத்தை. எந்தக் கட்சி விட்டது, யார் தடுத்தார்கள் என்று காசியம்மாள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜாய்ஸ் அதை மூன்று முறை பார்த்தாள். ஒவ்வொரு முறையும் தன் பேர் வருகிறதா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள். அது புரிந்தபோது போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

ஜெகதீசன் உடனே கூப்பிட்டார். "இன்னாம்மா இது பேஜாரு? எங்கயும் போகமாட்டாங்கன்னு சொன்னியே! தலைமையிலயிருந்து போன் மேல போன் வந்துகினு கீது. இவங்களை நாம ஏன் கேக்கலைன்னு கேக்குறாங்க. நீ போய் பேசு. உங்க அத்தைதானே? நாளைக்கு நானே வந்து பாக்குறேன்னு சொல்லு. அப்புறம், மேல கேட்டா அவங்களைக் கூப்ட்டோம், அவங்கதான் வரலன்னு சொல்லிடு. புரியுதா?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜாய்ஸ் போனாள். பாப்பா அத்தை வீட்டு வாசலில் மணைக்கத்தியைப் போட்டு காரப்பொடி என்கிற சின்ன மீன்களை ஆய்ந்துகொண்டிருந்தாள். "வா, வா. சோறு வெந்துகினு கீது, துன்னுட்டுப் போ" என்றாள். எதுவும் நடக்காத மாதிரி.

ஜாய்ஸ் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "அத்தை, அன்னிக்கு மண்டபத்துல..."

"தெரியும்டீ."

"இல்ல அத்தை, நேரம் இருந்துச்சு. அவரு கேட்டாரு..."

"கேட்டாரு, நீ யாரும் இல்லன்ன. கீழயும்தான் ஸ்பீக்கரு வச்சிருந்தாங்க. மேல பேசுனது எல்லாம் துல்லியமாக் கேட்டுச்சு." அத்தை ஒரு மீனின் தலையைக் கிள்ளிப் போட்டாள். "எங்க கை சோத்துல கீது. ஆராயி எலையை விட்டு எழுந்துட்டா. மேல போய் ரெண்டுல ஒண்ணு கேட்டுட்டு வரேன்னா. நான்தான் கையப் புடிச்சு உக்கார வச்சேன்."

"ஏன் அத்தை?"

"ஏன்னா? அத்தனை பேரு முன்னாடி நீ மைக்கைப் புடிச்சிக்கினு நிக்குற. இவளுங்க போய் கத்துனா உன்னை இன்னா பண்ணுவானுங்க? உன் பொழப்பு இன்னாவறது? யாரோ சொல்லச் சொல்லி, பயந்துகினு சொல்லிட்டன்னு நெனச்சேன். போவட்டும்னு உட்டேன். ஒரு வாரம் இவளுங்க என்கூட மூஞ்சி குடுத்துப் பேசல. வண்டியில எனக்குக் கயிறு கூட உடல."

அந்த இடத்தில் ஜாய்ஸ் அழுதிருந்தால் அத்தை தலையைத் தடவி, விடு என்று சொல்லியிருப்பாள். அது அவளுக்குத் தெரிந்தது. அதனாலேயே மீதியையும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"யாரும் சொல்லச் சொல்லல அத்தை. உங்களுக்குக் குடுக்கலாமான்னு செயலாளரே கேட்டாரு. நான்தான் வேணாம்னேன். அவங்க ஓட்டு எப்படியும் நமக்குத்தான், எங்க போயிடப் போறாங்கன்னு சொன்னது நான்தான்."

கத்தியில் ஓடிக்கொண்டிருந்த கை நின்றது.

"அதையும் நீயேதான் சொன்னியா?"

ஜாய்ஸ் தலையை ஆட்டினாள்.

ஒரு பூனை வந்து மீன் தலையை இழுத்துக்கொண்டு போனது, அத்தை விரட்டவில்லை. பிறகு எழுந்து, சட்டியை எடுத்துக்கொண்டு, "செயலாளரு வரணும்னா காலையில நாங்க வண்டி ஏறுற எடத்துக்கு வரச் சொல்லு. ஆபீஸுக்கெல்லாம் எங்களால வர முடியாது" என்றாள். உள்ளே போய்விட்டாள். சோறு வெந்துவிட்டதா என்று சொல்லவில்லை. ஜாய்ஸ் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுக் கிளம்பினாள்.

மறுநாள் விடிவதற்கு முன் ஜெகதீசன் காரில் வந்து இறங்கினார். கூட்டுரோட்டில் டீக்கடை வெளிச்சத்தில் பெண்கள் சாப்பாட்டுப் பையோடு நின்றுகொண்டிருந்தார்கள். அவர் எல்லாருக்கும் கும்பிடு போட்டார். அந்த நேரத்தில் எழுந்து வந்தவருக்கு அவர்கள் நிற்கும் நிலையைப் பார்த்து உண்மையிலேயே முகம் மாறியது.

"மன்னிச்சுக்கோங்கம்மா. உங்க விஷயம் என் காதுக்கே வரல. யாரும் எனக்குத் தகவல் சொல்லல" என்றார்.

பக்கத்தில் நின்ற ஜாய்ஸுக்கு அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. "இல்லண்ணே. தகவல் வந்துச்சு. நான்தான் இவங்க வேணாம்னு சொன்னேன். மண்டபத்துல யாரும் இல்லன்னு சொன்னதும் நான்தான்" என்றாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. ராத்திரி முழுக்க மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்த பேச்சு. இன்னும் சொல்ல இருந்தது. "அக்கா, உங்க எல்லார்கிட்டயும் நான்..."

"அதெல்லாம் எங்களுக்குத் தெரியும்மா" என்று காசியம்மாள் குறுக்கே பேசினாள். கோபமில்லை, அவசரம்தான். "வண்டி வந்துகினு கீது. நீ கொஞ்சம் நகரு. நாங்க அவரண்ட பேசணும்."

ஜாய்ஸ் நகர்ந்தாள். காசியம்மாள் பஸ்ஸைப் பற்றி ஆரம்பித்தாள். பாதி சொல்வதற்குள் குட்டியானை வந்து நின்று ஹாரன் அடித்தது. மீதியை ஏறிக்கொண்டே சொன்னாள். ஜெகதீசன் வண்டியின் பக்கத்திலேயே பத்தடி நடந்து கேட்டார். அந்தப் பாதி நேரத்தைத் தின்றது தன்னுடைய பேச்சுதான் என்று ஜாய்ஸுக்கு உறைத்தபோது வண்டி திரும்பிவிட்டது. அத்தை கயிற்றைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்து நின்றாள்.

திரும்பும்போது காரில் ஜெகதீசன், "அங்க அதைச் சொல்லியிருக்க வேணாம்மா. என்னைப் பொய்யன்னு ஆக்கிட்ட" என்றார். அதற்கப்புறம் பெரிய வேலை எதுவும் அவளிடம் வரவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

தேர்தல் அறிக்கை வந்தது. தொழிலாளர்களுக்கு அதிகாலைப் பேருந்து என்று ஒரு வரி அதில் இருந்தது. எதிர்க்கட்சியின் அறிக்கையிலும் இருந்தது. இரண்டு கட்சி ஆட்களும் கூட்டுரோட்டுக்கு வந்து போனார்கள். அந்தப் பெண்கள் சங்கமாகப் பதிவு செய்துகொண்டார்கள் என்றும் காசியம்மாள்தான் தலைவி என்றும் ஜாய்ஸ் வெளி ஆட்கள் சொல்லித் தெரிந்துகொண்டாள்.

பாப்பா அத்தை உறவை விடவில்லை. ஜாய்ஸுக்குக் காய்ச்சல் வந்தபோது மிளகு ரசம் வைத்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தாள். கட்டில் ஓரம் உட்கார்ந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஊரில் யாருக்குக் குழந்தை பிறந்தது, எந்த வீட்டில் கல்யாணம் என்று எல்லாம் சொன்னாள். நடுவில் அவளுக்குப் போன் வந்தது. "ஆங், காசியம்மா... சரி சரி, அதை அப்பால பேசலாம்" என்று சொல்லி, ஜாய்ஸை ஒருமுறை பார்த்துவிட்டு எழுந்து வெளியே போய்ப் பேசினாள். வந்து உட்கார்ந்ததும் ஜாய்ஸ் கேட்டாள்.

"பஸ்ஸு விஷயம் இன்னா ஆச்சு அத்தை?"

"அது நடந்துகினு கீது. காசியம்மா பாத்துக்கிறா" என்றாள் அத்தை. டம்ளரில் ரசத்தை ஊற்றி, ஆற்றி, அவள் கையில் கொடுத்தாள். "சூடு போறதுக்குள்ள குடி."